தெருவில் தங்கும் கேரவனும் வண்டிப்பேட்டைச் சட்டமும்

குடியிருப்புத் தெருவில் கேரவனை நிறுத்தி வைப்பது குற்றமா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் ஒரே சொல்லில் விடை கிடையாது. கேரவன் என்று பெயர் சுட்டித் தெருவில் நிறுத்தத் தடை விதிக்கும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. அதேபோல், வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள சாலையோரம் அந்த வீட்டுக்காரருக்கே உரியது என்று சொல்லும் பிரிவும் அதில் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே காவல் துறை, ஊராட்சி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், நிருவாக நடுவர் எனப் பலருக்கும் பல அதிகாரங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எது எப்போது பொருந்தும் என்பது வண்டி வைத்திருப்பவருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை, அவருடைய அண்டை வீட்டாருக்கும் தெரிவதில்லை. தெரியாததனால்தான் சட்டத்தால் தீர வேண்டிய பிரச்சினை தெருச்சண்டையில் போய் முடிகிறது.

இக்கேள்வியை வைத்து ஆராய்வதற்கு ஆந்திரப் பிரதேசத்தின் வரதய்யபாளையம் மிகப் பொருத்தமான ஊர். சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் 4 அன்று புதிதாக உருவான திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய மண்டலம் அது. தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில், தடாவிலிருந்து ஸ்ரீகாளஹஸ்திக்குச் செல்லும் வழியில் அமைந்திருப்பது. சென்னைவாசிகள் தடா அருவி என்று அழைக்கும் உப்பலமடுகு அருவிக்கு வருவோரும், ஸ்ரீகாளஹஸ்திக்கும் திருப்பதிக்கும் வேன் பிடித்துச் செல்லும் குடும்பங்களும், 2008-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தின் பணியாளர் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இந்த வட்டாரச் சாலைகளைத்தான் பயன்படுத்துகின்றன. நகரத்துக்கு உரிய வண்டிப் போக்குவரத்தைக் கிராம ஊராட்சியின் தெருக்கள் தாங்க வேண்டியிருக்கும் இத்தகைய எல்லையோர ஊர்களில், உள்ளேயே படுத்துறங்கி, சமைத்து, குளித்துவிட்டுப் போகக்கூடிய வண்டி ஒன்று வந்து நின்றால் அதற்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

கேரவன் என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டப்பட்ட வண்டி. சட்டத்தின் கண்ணில் கேரவன் இரு வகைப்படும். ஒன்று, தானே ஓடும் எஞ்சின் பொருத்திய வண்டிக்குள் இருக்கை, மேசை, படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவற்றை அமைத்துக் கட்டியது. இதனை மோட்டார் கேரவன் என்று வகைப்படுத்தி, அதற்கெனவே ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தொழில்துறைத் தரநிலை வகுக்கப்பட்டுள்ளது. மற்றொன்று, எஞ்சின் இல்லாமல் காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படுவது, அதாவது டிரெய்லர். எஞ்சின் இல்லாததால் இது வண்டியே அன்று, வெறும் பெட்டி என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் செல்லாது, ஏனெனில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதன் 2(28) பிரிவிலேயே மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் டிரெய்லரையும் சேர்த்துவிட்டது. ஆகவே இழுத்துவந்த காரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கூண்டை மட்டும் தெருவில் விட்டுச் சென்றாலும், விடப்பட்டது பதிவு பெற வேண்டிய ஒரு மோட்டார் வாகனமே.

பழைய வேனையோ சிற்றுந்தையோ வாங்கிப் பட்டறையில் கொடுத்து, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கேரவனாக மாற்றிக்கொள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி. புத்தகத்தில், உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் எதிர் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தெருவில் நிறுத்தலாமா என்று கேட்கும் முன், அந்த வண்டி சாலைக்கே வரலாமா என்ற கேள்வி பல கேரவன்களுக்கு முதலில் நிற்கிறது.

இனி தெருவுக்கு வருவோம். பொதுமக்கள் சென்றுவர உரிமை உள்ள சாலை, தெரு, வழி எதுவானாலும் அது பொது இடம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(34) பிரிவு கூறுகிறது. மறுமுனை அடைபட்ட சந்தானாலும் சரி, புதிய மனைப்பிரிவில் போட்ட மண் சாலையானாலும் சரி, மக்கள் உரிமையோடு நடமாடினால் அது பொது இடமே. பொதுச் சாலையின் முதன்மைப் பயன் செல்வதும் வருவதும்தான். நிற்பது அந்தப் போக்குவரத்துக்குத் துணையாகச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளப்படும் ஒன்று. இந்தக் கருத்து பழையது. 1812-இல் லண்டனின் சாரிங் கிராஸ் பகுதியில் பயணிகளுக்காக முக்கால் மணி நேரம் வரை தெருவில் காத்து நின்ற குதிரைக் கோச்சுவண்டிகள் குறித்த வழக்கில், ஆளை ஏற்றவும் இறக்கவும் நியாயமான நேரம் நிற்கலாம், ஆனால் அரசனின் நெடுஞ்சாலையை யாரும் லாயமாக்கிக்கொள்ள முடியாது என்று நீதிபதி எல்லன்பரோ தீர்ப்பளித்தார். இந்தியச் சாலைச் சட்டத்தின் அடித்தளத்திலும் இந்த எண்ணமே இருக்கிறது.

அந்த எண்ணத்தை நடைமுறை விதியாக்குவது 122-ஆம் பிரிவு. பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ, தடையோ, வரம்பு மீறிய வசதிக்குறைவோ உண்டாக்கும் வகையில், அல்லது உண்டாக்கக்கூடிய வகையில், வண்டியையோ டிரெய்லரையோ நிறுத்தி வைக்கக் கூடாது என்று அது விதிக்கிறது. உண்மையில் தடை ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை, ஏற்படும் வாய்ப்பே போதும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. இது கேரவனுக்கு ஏன் கடுமையாகப் பொருந்துகிறது என்பதை அளவு கொண்டு பார்த்தால் விளங்கும்: விதிகளின்படி ஒரு மோட்டார் வாகனம் 2.6 மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ எட்டரை அடி வரை, அகலம் கொண்டிருக்கலாம். இருபது அடித் தெருவில் அத்தகைய வண்டி ஓரமாகவே நின்றாலும் பதினொன்றரை அடிதான் மிஞ்சும், எதிர்வாசலில் ஒரு காரை நிறுத்திவிட்டால் ஆம்புலன்சோ தீயணைப்பு வண்டியோ நுழைய வழியிராது. போக்குவரத்தின் சீரான ஓட்டத்துக்குத் தடையாக வண்டியை நிறுத்துவோருக்கு 201-ஆம் பிரிவு 500 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. 2019-க்கு முன் அப்பிரிவு பழுதடைந்து நின்ற வண்டிகளுக்கு மட்டும் உரியதாக, மணிக்கு 50 ரூபாய் வீதம் கணக்கிடப்பட்டது. இன்று எந்த வண்டிக்கும் பொருந்தும், ஆனால் பத்து நாள் நின்றாலும் தண்டத்தின் உச்சவரம்பு 500 ரூபாயைத் தாண்டாது. பெரிய வண்டியை நாட்கணக்கில் தெருவில் வைப்பவருக்கு அது வாடகையைவிட மலிவு என்பதால், இந்தத் திருத்தம் அந்த வகையில் பின்னடைவு என்றே கருத வேண்டியிருக்கிறது. இவற்றோடு, நடைபாதையிலும், சாலைச் சந்திப்பை ஒட்டியும், பிறர் வீட்டின் வாயிலை மறித்தும், முன்பே நிற்கும் வண்டிக்கு இணையாகவும் நிறுத்தக் கூடாது என்பதை 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வகுத்துள்ளன.

எல்லாவற்றினும் கூர்மையானதும், எனினும் மக்களால் மிகக் குறைவாகவே அறியப்பட்டதும் 127-ஆம் பிரிவு. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டோ ஆளின்றியோ விடப்பட்ட வண்டியையும், நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுவை வண்டி கொண்டு அகற்றவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ, அந்தப் பகுதிக்கு உரிய, சீருடையில் உள்ள காவல் அலுவலர் அனுமதி அளிக்கலாம்; இழுத்துச் சென்ற செலவு முழுவதும், வேறு தண்டத்தோடு சேர்த்து, உரிமையாளர் தலையில் விழும். நோ பார்க்கிங் பலகை இல்லாத தெருவில் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற பரவலான நம்பிக்கையை இந்தப் பிரிவு தகர்த்துவிடுகிறது. சொந்தக் காரை இரவு முழுதும் தெருவில் விட்டுவைக்கும் இலட்சக்கணக்கானோரும் எழுத்தளவில் இதன் வரம்புக்குள் வருவார்கள்; காவல் துறை பொதுவாக இதனைக் கார்கள் மீது பயன்படுத்துவதில்லை என்பதே அவர்களைக் காக்கிறது. நடைமுறையின் இரக்கத்தை உரிமை என்று எண்ணிவிடக் கூடாது.

கேரவன் என்று வரும்போது இதே பிரிவில் ஒரு சிக்கல் எழுகிறது. ஆளின்றி விடப்பட்ட வண்டி என்பதே சட்டத்தின் சொல்; கேரவனுக்குள் ஒருவர் படுத்துறங்கிக்கொண்டிருந்தால் அது ஆளின்றி விடப்பட்டது ஆகுமா? வாசகத்தை நேர்பொருளில் படித்தால் ஆகாது. அப்படியானால் பத்து மணி நேரக் கணக்கு அங்கே ஓடாது. 122, 201 ஆகிய பிரிவுகளின் கீழ் தடையோ இடையூறோ உண்டு என்பதைக் காட்டித்தான் நடவடிக்கை எடுக்க முடியும். உள்ளே ஆள் வாழும் வண்டி, ஆளில்லாத வண்டியைவிடத் தெருவுக்குப் பெரிய சுமையாக இருக்கும்போது, சட்டத்தின் கூர்மையான ஆயுதம் அதற்குப் பொருந்தாமல் போவது சட்டத்தை வகுத்தபோது இத்தகைய வண்டிகள் யாருடைய நினைவிலும் இல்லாததன் விளைவு.

அந்தச் சுமை நிறுத்துவதோடு முடிவதில்லை என்பதைக் கேரவனின் பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் உடனே உணர்வார். பக்கக் கதவிலிருந்து கீழிறங்கும் மடக்குப் படி தெருவில் ஓர் அடியைப் பிடிக்கிறது. வெயிலுக்கு விரியும் துணிப்பந்தல் இன்னும் சில அடிகளைப் பிடிக்கிறது. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் தொட்டிக்குப் போகாமல் அடிக்குழாய் வழியே சாக்கடையிலோ மண்ணிலோ விடப்பட்டால் அண்டை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொள்ள நேரிடும். குளிரூட்டியை ஓட்ட ஜெனரேட்டர் போடப்பட்டால் தெருவே விழித்திருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதே 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு. இவற்றுக்குப் போக்குவரத்துச் சட்டத்தில் தீர்வு தேடுவது பயனற்றது. பொது வழியில் ஆபத்தோ தடையோ காயமோ விளைவிப்போருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவும், பொதுத் தொல்லையை, அதாவது தனியொருவரை மட்டுமன்றிச் சுற்றுவட்டாரத்தையே பாதிக்கும் இடையூறை, அகற்ற நிருவாக நடுவருக்கு அதிகாரம் தரும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவுமே இங்கே பொருத்தமானவை. பின்னது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லை என்று சொல்லி உள்ளாட்சி அமைப்பு தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று நிலைநாட்டியது இந்தப் பிரிவின் துணைகொண்டுதான்.

வண்டிக்காரர் பக்கமே குற்றம் முழுவதும் இருப்பதாக எண்ணுவதும் சரியன்று. தெருவாசிகள் தாங்களே கல்லை உருட்டி வைப்பது, சங்கிலி கட்டுவது, பூந்தொட்டி அடுக்குவது, சொந்தச் செலவில் தடைப்பலகை எழுதி மாட்டுவது எல்லாம் ஊர்தோறும் காணப்படுகின்றன. அரசோ அரசு அதிகாரமளித்த அமைப்போ அல்லாமல் வேறு எவரும் சாலையில் போக்குவரத்துக் குறி நாட்டக் கூடாது என்பது 116-ஆம் பிரிவு. கேரவனைத் தடுக்க உருட்டப்பட்ட கல், கேரவனைவிடத் தெளிவாகப் பொது வழித் தடையாகும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டவை. எங்கள் காலனித் தெரு என்று உரிமை பாராட்டுவோரும் அங்கே வழிப்போக்கர்களே.

ஆந்திர மக்களுக்குக் கேரவன் புதிதும் அன்று. 1982-இல் தெலுகு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி. ராமராவ், பழைய செவ்ரலே வேன் ஒன்றைச் சைதன்ய ரதம் என்ற பெயரில் மாற்றியமைத்து, அதிலேயே உண்டு உறங்கி மாநிலம் முழுதும் சுற்றினார். 1983 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தார். சென்னையின் சாலிகிராமம், வளசரவாக்கம் தெருக்களுக்குப் படப்பிடிப்புக் கேரவன்கள் அன்றாடக் காட்சி. ஒன்று நிற்காமல் சென்றுகொண்டே இருந்தது. மற்றொன்று பொது இடமானால் மாநகராட்சியிடமும் காவல் துறையிடமும் முன் அனுமதி பெற்று வந்து நிற்க வேண்டியது. அனுமதியும் இல்லாமல் நகரவும் செய்யாமல் நிற்கும் தனியார் கேரவனுக்கு இவ்விரண்டும் முன்மாதிரி ஆகா.

முன்மாதிரியை வேறிடத்தில் தேட வேண்டும்; அது நம் ஊர்களிலேயே இருந்தது. சந்தைக்கும் கோயிலுக்கும் மாட்டுவண்டி கட்டி வந்தவர்கள் தெருவில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, மாட்டைக் கட்டி, அடுப்பு மூட்டி இரவைக் கழித்த காலத்தில், உள்ளாட்சி அமைப்புகள் வண்டிப்பேட்டைகளை ஏற்படுத்தின. தண்ணீர்த் தொட்டியும் நிழலும் உள்ள திறந்த இடம். உள்ளே நுழைய ஒரு கட்டணம். கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டு வரும் பணம் உள்ளாட்சியின் வருமானம். சென்னை மாகாண உள்ளாட்சிச் சட்டங்களில் வேரூன்றிய இந்த ஏற்பாடு, இன்றைய தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டத்திலும் ஆந்திரப் பிரதேச ஊராட்சி ராஜ் சட்டத்திலும் தொடர்கிறது. இரண்டும் 1994-ஆம் ஆண்டுச் சட்டங்கள். மோட்டார் வாகனங்களுக்கும் பேட்டை அமைக்கலாம், கட்டணம் விதிக்கலாம். அவ்வாறு அமைத்த பிறகு, குறிப்பிட்ட தொலைவுக்குள் பொது இடத்தையோ சாலையோரத்தையோ அதே நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடையும் விதிக்கலாம். வரதய்யபாளையத்தை அடுத்த சத்தியவேடு பகுதி 1960 ஏப்ரல் வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, எல்லை மாற்றத்தின்போது ஆந்திரத்துக்குச் சென்றது என்பதை நினைத்தால், எல்லையின் இருபுறமும் ஒரே சட்டப் பரம்பரை நிலவுவது வியப்பன்று.

இந்த ஏற்பாட்டின் வரிசைமுறையே அதன் நீதி. முதலில் இடம், பிறகு தடை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவும் இதே வழியில், உள்ளாட்சியைக் கலந்து வண்டிகள் நிற்கும் இடங்களைத் தீர்மானிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. இந்த வரிசை குலைந்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டன் சான்று. கேரவனிலேயே வாழ்ந்த ஜிப்சி மக்களுக்குத் தங்குமிடம் அமைத்துத் தர வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் கேரவன் தளங்கள் சட்டம் உள்ளாட்சிகளுக்குக் கடமை விதித்தது. 1994-இல் வேறொரு சட்டம் அந்தக் கடமையை நீக்கிவிட்டு, அகற்றும் அதிகாரத்தை மட்டும் பெருக்கியது. அதன் பிறகு அம்மக்கள் சாலையோரத்திலிருந்து சாலையோரத்துக்கு விரட்டப்படுவதே வழக்கமாயிற்று. நம் நாட்டிலும் 1985-இன் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு, நடைபாதையை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமை இல்லை என்று கூறிய அதே மூச்சில், அங்கே வாழ்வோரை முறையான நடைமுறை இன்றி அகற்றக் கூடாது என்றும் கூறியது. உல்லாசத்துக்காகக் கேரவனில் வருபவரையும், வேறு கூரை இல்லாமல் வண்டியிலேயே குடும்பம் நடத்துபவரையும் ஒரே இழுவை வண்டியால் அணுகுவது அந்தத் தீர்ப்புக்கு முரணாகும்.

இடத்தை முதலில் கேட்பதில் ஜப்பான் கண்டிப்பானது: 1962-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, நிறுத்துவதற்கு இடம் உண்டு என்று காட்டாமல் அங்கே கார் பதிவு செய்ய இயலாது, இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தெருவில் ஒரே இடத்தில் விட்டுவைக்கவும் கூடாது. இந்தியாவில் கேரளம் வேறொரு வழியில் தொடங்கியது. 2021-இல் அது அறிவித்த கேரவன் சுற்றுலாக் கொள்கை, வண்டிகளுக்கு ஊக்கம் அளித்ததோடு நில்லாமல், குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து நிறுத்துமிடங்களும் கொண்ட கேரவன் பூங்காக்களையும் வகுத்தது. அவற்றுள் முதலாவது வாகமண்ணில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2023-ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவை முன்னுரிமைத் துறைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. சுற்றுலாத் துறை வண்டிகளை வரவேற்க, அவை இரவில் எங்கே நிற்கும் என்ற பொறுப்பை ஊராட்சிகள் சுமக்க நேரும் என்பதால், பூங்காவுக்கு முன்பே வண்டிகள் பெருகிவிடாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை.

வரதய்யபாளையம் போன்ற ஊரில் இன்றைய சட்டப்படி செய்யக்கூடியது என்ன என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தெருவை மறித்து நிற்கும் கேரவன் குறித்து, நின்ற நாளும் நேரமும் தெரியும் ஒளிப்படத்தோடு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் தந்தால், 122, 127 ஆகிய பிரிவுகளின் கீழ் நடவடிக்கை கேட்கலாம். கழிவுநீர், புகை, இரைச்சல் ஆகியவற்றுக்குப் பொதுத் தொல்லை மனுவை வருவாய்க் கோட்ட அளவிலான நிருவாக நடுவரிடம் அளிக்கலாம். வண்டி வேறு மாநிலத்தில் பதிவானது என்பதே குற்றமாகாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் 47-ஆம் பிரிவின்படி புதிய பதிவெண் பெற வேண்டும், அது போக்குவரத்து அலுவலகம் பார்க்க வேண்டியது. வண்டி வைத்திருப்பவர் தம் காம்பவுண்டுக்குள்ளோ, வாடகைக்குப் பிடித்த காலி மனையிலோ நிறுத்தினால் 122, 127 ஆகிய பிரிவுகள் அங்கே நுழையா, ஏனெனில் அது பொது இடம் அன்று; கழிவுநீரும் இரைச்சலும் பற்றிய விதிகள் மட்டும் அங்கும் தொடரும்.

இவை அனைத்தும் ஒவ்வொரு வண்டியாகப் போராடித் தீர்ப்பவை. ஊராட்சித் தெருக்கள் சட்டப்படி ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டவை; தேசிய, மாநில நெடுஞ்சாலைகள் அவ்வாறு அல்ல. ஆகவே நெடுஞ்சாலையோரத்தை விட்டுவிட்டு, ஊராட்சிக்குச் சொந்தமான நிலத்தில் தண்ணீர்க் குழாய், கழிவுநீர் கொட்டும் தொட்டி, ஒரு விளக்குக் கம்பம் ஆகிய மூன்றையும் அமைத்து, வேன்களுக்கும் கேரவன்களுக்கும் இரவுக் கட்டணம் நிர்ணயித்துத் தீர்மானம் இயற்ற ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு. தீர்மானத்தில் நிலத்தின் சர்வே எண், கட்டண விகிதம், எத்தனை மீட்டர் தொலைவுக்குத் தெருவில் நிறுத்தத் தடை ஆகியவை தெளிவாக எழுதப்பட்டிருந்தால், அடுத்த முறை காவலர் கேரவன் கதவைத் தட்டும்போது, இங்கிருந்து எடுங்கள் என்பதோடு நில்லாமல் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதையும் அவரால் சொல்ல முடியும்.